குற்றவியல் இளங்கலைப் படிப்பு: கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மூன்று ஆண்டுகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள தனியார் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்றில் 2022 முதல் 2025 வரை குற்றவியல் மற்றும் குற்றவியல் நீதி இளங்கலைப் பட்டப்படிப்பைப் படித்து முடித்தேன். பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால், பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் யாராவது ஒரு பெற்றோர் வீட்டுக்கு வந்து, "பிள்ளையை அந்தப் படிப்பில் சேர்க்கலாமா, சேர்த்தால் எஸ்.ஐ. ஆகிவிடலாமாமே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் திண்ணையில் அமர்ந்து சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எஸ்.ஐ. பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின்போது எங்கள் கையில் கொடுக்கப்பட்ட துண்டறிக்கையில் காக்கிச் சீருடை அணிந்த ஓர் இளைஞரின் படமும், அதன் கீழே 'காவல்துறையில் உறுதியான எதிர்காலம்' என்ற வரியும் இருந்தன. அந்த வரி உண்மையன்று. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி ஆய்வாளர் தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். தமிழ் இலக்கியம் படித்தவரும் கணிதம் படித்தவரும் நமக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அதே வினாத்தாளைத்தான் எழுதுவார்கள், அதே மைதானத்தில்தான் ஓடுவார்கள். தடய அறிவியல் ஆய்வகத்தில் அறிவியல் அலுவலராக வேண்டும் என்ற கனவோடு என் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்தார்கள். அந்தப் பணிகளுக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் பட்டம் தேவை என்பது அவர்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. 17 வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்கியதை என்னால் இன்னமும் மன்னிக்க முடியவில்லை.

இருந்தும் இந்தப் படிப்பில் சேர்ந்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

இரண்டாம் ஆண்டில் காலடித் தடம் எடுக்கும் செய்முறைக்காக எங்கள் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கொள்ளிடக் கரைக்கு அழைத்துச் சென்றார். பாரிஸ் சாந்தைக் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) குழைத்து மணலில் பதிந்த தடத்தில் ஊற்றியபோது விளிம்புகள் சரிந்து, எடுத்த வார்ப்பு உருவமற்ற கட்டியாக வந்தது. உதிரி மணலாக இருந்தால் முதலில் தடத்தின்மீது ஒட்டும் திரவத்தைத் தெளித்து இறுக்க வேண்டும் என்றும், சாந்தை உயரத்திலிருந்து கொட்டாமல் கரண்டியின் மேல் வழியவிட்டு இறக்க வேண்டும் என்றும் அவர் செய்து காட்டினார். பிறகு பத்தடி தள்ளி, வாய்க்கால் ஓரத்து ஈர வண்டலில் எடுத்த வார்ப்பில் செருப்பின் அடியில் குத்தியிருந்த முள்ளின் குழிகூடத் தெளிவாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து மிதித்து நடந்த மண் எதைக் காட்டிக்கொடுக்கும், எதை மறைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நீதிமன்றத்துக்கு நேரில் போய் விசாரணையைப் பார்ப்பது இந்தப் படிப்பின் மிக வலுவான பகுதி. ஆறு நாட்கள் மட்டுமே அனுப்பினார்கள் என்பது குறை. ஆனால் அந்த ஆறு நாட்கள் எனக்கு ஆறு பாடப்புத்தகங்களுக்குச் சமம். ஒரு மணல் திருட்டு வழக்கில் கிராம உதவியாளர் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். கைப்பற்றுதல் மகஜரை, அதாவது பொருள்களைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதிய ஆவணத்தைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டபோது ஆமாம் என்றார். "எங்கே போட்டீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு, "ஸ்டேஷனில்" என்று மெல்லிய குரலில் சொன்னார். மணலும் வண்டியும் பிடிபட்ட இடத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட மகஜர் அது. அந்த ஒரு சொல்லால் வழக்கின் முதுகெலும்பு முறிந்ததை நாங்கள் அனைவரும் பின் வரிசையிலிருந்து பார்த்தோம். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு ஏன் சொல்கிறது என்பதை அதன் பிறகு எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டப் பாடத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது நாங்கள் மூன்றாம் ஆண்டில் நுழைந்துகொண்டிருந்தோம். இரண்டு ஆண்டுகளாக மனனம் செய்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளும் போய், பாரதிய நியாய சன்ஹிதாவின் 358 பிரிவுகள் வந்தன. கொலைக்கான 302 என்பது 103 ஆயிற்று, திருட்டுக்கான 379 என்பது 303க்குள் போயிற்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கான 154 என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173 ஆயிற்று. கல்லூரி இந்த மாற்றத்துக்கு ஆயத்தமாகவே இல்லை. நூலகத்தில் புதிய சட்டத்தின் ஒரு பிரதிகூட அந்த ஆண்டு முழுவதும் வாங்கப்படவில்லை. பழைய குறிப்புகளை நகலெடுத்தே கொடுத்தார்கள். வருகை ஆசிரியராக வந்த ஒரு வழக்கறிஞர்தான், தம் கைப்பட எழுதிய ஒப்பீட்டு அட்டவணையை எங்களுக்குக் கொடுத்து, எண் மாறியவை எவை, பொருளே மாறியவை எவை என்று பிரித்துப் பிரித்து நடத்தினார். அவர் இல்லையென்றால் நாங்கள் காலாவதியான பட்டத்தோடு வெளியே வந்திருப்போம்.

கோட்பாட்டுத் தாள்கள் கடினமானவை, ஆனால் ஆழமானவை. 1764இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா தண்டனை அளவோடு இருக்க வேண்டும் என்று வாதிட்டதையும், 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ முகத்தையும் மண்டை ஓட்டையும் அளந்து பிறவிக் குற்றவாளியைத் தேடியதையும் அடுத்தடுத்துப் படிக்கிறோம். அதே காலத்தில், 1871இல், இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, பிறப்பைக் குற்றமாக்கும் எண்ணம் இங்கே எத்தனை குடும்பங்களின் முதுகில் ஏறி உட்கார்ந்தது என்பது உறைக்கிறது. இதை ஆசிரியர் சேர்த்துச் சொன்னார், பாடத்திட்டம் சொல்லவில்லை.

பாடத்திட்டத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. சிகாகோ நகரத்தை வட்ட வட்டமாகப் பிரித்து எந்த வட்டத்தில் குற்றம் மிகுதி என்று மூன்று வாரம் படித்தோம். எங்கள் கல்லூரியிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தொலைவிலுள்ள கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவில் குடிசைக்குள் எரிக்கப்பட்டதும், தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்ததும் எந்தத் தாளிலும் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலையில்தான் வந்தது. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு பெற்றோருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதைவிட, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பான பாதிக்கப்பட்டோரியலுக்கு வேறு என்ன பாடம் வேண்டும்? திருவாரூர் பக்கத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள் கிடைத்து லண்டன்வரை போன நடராசர், இடிந்து கிடந்த கோயிலையும் வழக்காடும் தகுதியுடையதாக ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு 1991இல் திரும்பி வந்தார். சிலைத் திருட்டைப் பற்றிய பாடத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு டெல்டா மாணவருக்கு உண்டா? இவை மூன்றையும் நான் என் சொந்த முயற்சியில், கட்டுரைப் பணிகளுக்காகத் தேடிப் படித்தேன்.

செலவைப் பொறுத்தவரை, கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், களப்பயணம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 90,000 ரூபாய் ஆயிற்று. குறுவையும் தாளடியும் கொடுக்கும் வருமானத்தில் அப்பா அதைக் கட்டினார். உணவகம், பேருந்து வசதி ஆகியவற்றில் குறையில்லை.

மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கும், சமூகப் பணியிலோ குழந்தைகள் பாதுகாப்பிலோ நன்னடத்தை அலுவலர் பணியிலோ நாட்டம் உள்ளவர்களுக்கும், குற்றவியலில் முதுகலை படிக்கச் சென்னைப் பல்கலைக்கழகமோ திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ போக விரும்புபவர்களுக்கும் இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். நான் இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். சாட்சியச் சட்ட வகுப்பில் மகஜர் என்ற சொல் வந்தாலே அந்தக் கிராம உதவியாளரின் குரல் காதில் கேட்கிறது. காக்கிச் சீருடைக்காக மட்டும் சேர விரும்புபவர்கள், எந்தப் பட்டத்தை எளிதாகவும் குறைந்த செலவிலும் முடிக்க முடியுமோ அதில் சேர்ந்து, மிச்ச நேரத்தை மைதானத்திலும் தேர்வுப் பயிற்சியிலும் செலவிடுவது நல்லது.

பணம் கட்டுமுன் கல்லூரியின் நூலகத்துக்குள் போய், பாரதிய நியாய சன்ஹிதா எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு துறைத் தலைவரிடம், ஆண்டுக்கு எத்தனை நாட்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.