கடற்காற்றில் ஹாரன் கிராமபோன்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஹாரன் வைத்த பழைய கிராமபோனை வாங்க வருபவர் எவராயினும் முதலில் ஹாரனைத்தான் பார்க்கிறார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்காற்று நேராக வந்து படும் ஒரு வீட்டில், அத்தகைய இரண்டு இயந்திரங்களைப் பல ஆண்டுகளாக வாரந்தோறும் இயக்கிக் கேட்டு வருகிறேன். ஹாரனைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பதே இக்காலத்தில் நான் வந்து சேர்ந்த முடிவு. பாட்டு நன்றாகக் கேட்குமா, இசைத்தட்டு பிழைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மோட்டாரிலும் ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸிலும்தான் இருக்கிறது.

என்னிடம் உள்ளவற்றுள் ஒன்று, பூவிதழ்போல் விரிந்த, வர்ணம் பூசிய தகர ஹாரனும் ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் மைக்கா வட்டு பொருத்திய, எக்ஸிபிஷன் என்ற வகைச் சவுண்ட் பாக்ஸும் கொண்ட எச்.எம்.வி. இயந்திரம். மற்றொன்று பிரெஞ்சு நிறுவனமான பாத்தே செய்தது. அதன் இயல்பே வேறு என்பதால் அதைப் பிறகு சொல்கிறேன்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பழம்பொருள் கடைகளிலும் பளபளக்கும் பித்தளை ஹாரனோடு நிற்பவற்றில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட போலிகள். எடுத்துச் செல்லும் பெட்டி கிராமபோன்களின் மோட்டாரைக் கழற்றி, ஆறு அல்லது எட்டுப் பக்கங்கள் கொண்ட புதுப் பெட்டியில் வைத்து, எச்.எம்.வி.யின் நாய்ப் படம் ஒட்டி விற்கிறார்கள். ஹாரனைத் தாங்கும் பின்புற வார்ப்பிரும்புத் தாங்கி அசலில் நேர்த்தியாக இழைக்கப்பட்டிருக்கும். போலியில் அது முரடாகவும் தடித்தும் இருக்கும். ஒரு தட்டை வைத்து ஓட விட்டால், போலியின் ஊசி தட்டின்மீது சரியான கோட்டில் நகராமல் பள்ளத்தின் சுவரை அறுத்துக்கொண்டே போகும். அலங்காரத்துக்கு வாங்குபவருக்கு இது பொருட்டில்லை. தட்டு வைத்துக் கேட்க விரும்புபவர் இதைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

மோட்டாரைச் சோதிக்கச் சாவியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே அவ்வப்போது 'தட்' என்று அதிர்ந்தால், ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே பழைய கிரீஸ் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். அதைக் கழுவிப் புது கிராஃபைட் கிரீஸ் இட்டால் சரியாகிவிடும். ஆனால் ஸ்பிரிங் இருக்கும் உருளையைப் பழக்கமில்லாதவர் திறக்கக் கூடாது, ஏனெனில் அடங்கியிருக்கும் எஃகு நாடா சீறி வெளியேறிக் கையைக் கிழித்துவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் மூன்று சிறு எடைகள் சுழல்கின்றன; அவற்றோடு சேர்ந்த வட்டை ஒரு சிறிய தோல் அல்லது கம்பளித் துண்டு உரசிப் பிடிக்கிறது. அத்துண்டு காய்ந்துபோனால் பாட்டு அலையும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கேட்டு முடித்தபின் ஸ்பிரிங்கை முழு முறுக்கோடு விட்டுவைக்காமல் ஓடித் தளர விடுவது என் வழக்கம்.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கர்நாடக இசை கேட்பவருக்கு அதைவிட முக்கியமானது வேறில்லை. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும், சோக் வைத்த பழைய குழல்விளக்கின் கீழே ஓடும் தட்டின்மேல் வைத்த, 77 கோடுகள் வரைந்த காகித வட்டு அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிறது, பெரும்பாலான எல்.இ.டி. விளக்கில் இது தெரியாது. எனினும் 1925இல் மைக்ரோஃபோன் வழியான மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன் பதிவான தட்டுகளில் பல 78இல் பதிவாகவில்லை. 74இல் பதிவானதை 78இல் ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; குரல் சிறுத்து, கமகங்கள் அவசரப்படும். ஆகவே மிகப் பழைய தட்டுகளுக்கு 78 என்ற எண்ணை நம்பாமல் குரலின் இயல்பைக் கேட்டே வேகத் திருகைத் திருப்புகிறேன்.

சவுண்ட் பாக்ஸில் மைக்காவைச் சுற்றிப் பிடித்திருக்கும் இரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிக் கெட்டியாகிவிடுகின்றன. அப்போது உச்ச ஸ்தாயியில் கரகரப்பு எழும். பலர் அதைத் தட்டின் குற்றம் என்று நினைத்துத் தட்டையே ஒதுக்கிவிடுகிறார்கள். மென்மையான புது இரப்பர் குழாய் பொருத்தியபின் எனது இயந்திரத்தில் ஏற்பட்ட மாற்றம், வேறு எந்தப் பழுதுபார்ப்பிலும் கிடைக்காதது.

எஃகு ஊசியைத் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்றே பயன்படுத்த வேண்டும். அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருப்பதே ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்தச் செய்வதற்காகத்தான். மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் அம்முனை உளிபோல் ஆகிவிடும், அடுத்த தட்டில் அதுவே வெட்டும். சவுண்ட் பாக்ஸ் ஊசிமுனையில் தரும் பாரம் 100 கிராமுக்கும் மேல் என்பதால் 1948க்குப் பின் வந்த நுண்பள்ள எல்.பி. தட்டுகளை இதில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மின்முறைப் பதிவுகளுக்கு மெல்லிய ஊசியையே தேர்ந்தெடுக்கிறேன். ஒலி குறைந்தாலும் பள்ளம் அவ்வளவாகத் தேயாது.

கேட்பின்பத்தைப் பொறுத்தவரை தகர ஹாரன் உயர்ந்த குரலுக்கே உரியது. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் பாடும்போது குரல் அறையின் நடுவில் வந்து நிற்கிறது, டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கும் அவ்வாறே. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நாதம் மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. வீணை தனம்மாளின் 1932ஆம் ஆண்டுப் பதிவுகளை நான் இதில் கேட்பதில்லை. அந்த மென்மைக்கு நல்ல மின் பிக்கப்பே ஏற்றது.

கடலோரத்தில் உப்புக்காற்றுதான் பெரும்பகை. நிக்கல் பூச்சு கொப்பளிக்கும், ஊசிகள் டப்பாவிலேயே துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பாத்திரத்தில்தான் அவற்றை வைக்க வேண்டும். ஹாரனுக்கு மீண்டும் வர்ணம் பூசாமல் மெழுகு மட்டும் பூசுகிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தட்டுகளில் பூஞ்சை படரும். லேசான சோப்பு கலந்த காய்ச்சி வடித்த நீரால், லேபிள் நனையாமல் துடைக்கலாம். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் நகரம் மின்சாரமின்றிக் கிடந்த நாள்களில் எங்கள் வீட்டில் பாடிக்கொண்டிருந்தது இந்த எச்.எம்.வி. ஒன்றுதான்.

பாத்தே இயந்திரத்தில் எஃகு ஊசிக்கு இடமில்லை. அதன் தட்டுகளில் பள்ளம் பக்கவாட்டில் வளையாமல் மேலும் கீழுமாக வெட்டப்பட்டிருக்கும். அதை உருண்டை முனை கொண்ட நீலக்கல்லே வாசிக்கும், அக்கல்லைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டியதில்லை. தொடக்க காலத் தட்டுகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சுற்று ஓடும். காகித லேபிள் இல்லாமல் எழுத்துகள் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், லேபிள் போன தட்டு என்று எண்ணிக் கடைக்காரர்கள் அவற்றைக் கழிவோடு போட்டுவிடுகிறார்கள். இங்கே பழைய வீடுகளைக் காலி செய்பவர்கள் அத்தகைய தட்டைக் கண்டால், சாய்வான வெளிச்சத்தில் நடுப்பகுதியைப் பார்த்து எழுத்து இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஃகு ஊசியை அதன்மேல் வைத்துச் சோதிக்க வேண்டாம்.