மெத்தில்ஃபெனிடேட்டா, அட்டமோக்செட்டினா: எங்கள் வீட்டில் நிலைத்த மாத்திரை

மகன் சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, மிகைத் துடிப்பு) என்று ஈப்போவில் மருத்துவர் சொன்ன பிறகு இரண்டு மருந்தையும் கொடுத்துப் பார்த்தோம். இப்போது மெத்தில்ஃபெனிடேட்டில் நிற்கிறோம், என் மனமும் அந்தப் பக்கம்தான்.

முதலில் கொடுத்தது அட்டமோக்செட்டின். காரணம் மாமியார். "ஊக்கி மருந்துன்னா சியாபு போதைமருந்து மாதிரிதானேம்மா, புள்ளைக்கா குடுப்பீங்க?" என்று கண் கலங்கினார். அட்டமோக்செட்டின் ஊக்கி வகை இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி.

நரம்பு செல்கள் டோபமின், நோர்அட்ரினலின் என்னும் செய்தி கடத்தும் இரசாயனங்கள் இரண்டையும் தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விட்டு, டிரான்ஸ்போர்ட்டர் என்னும் புரதங்கள் வழியே திரும்ப இழுத்துக்கொள்ளும். அட்டமோக்செட்டின் முக்கியமாக நோர்அட்ரினலினை இழுக்கும் வழியை அடைக்கும். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் டோபமினையும் பெரும்பாலும் அதே வழிதான் இழுக்கிறது. அதனால் அங்கே இரண்டும் கூடும், போதைக்கு ஏங்கவைக்கும் பகுதியில் டோபமின் அப்படிக் கூடுவதில்லை. மெத்தில்ஃபெனிடேட் இரண்டு வழிகளையும் நேரடியாக அடைக்கும்.

சியாபு என்பது மெத்தாம்ஃபெட்டமின். அது செல்லுக்குள் புகுந்து, சேமிப்பில் உள்ள டோபமினைக் கலைத்து, இழுக்கும் வழியையே வெளியே தள்ளும் வழியாக மாற்றிவிடும். மாமியார் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அவரிடம் இப்படிச் சொன்னேன்: பால் வடியும் மங்கு நிறையும் முன்பே ஒருத்தி பாலை எடுத்துப் போகிறாள், இந்த மாத்திரை அவளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறது. சியாபு மரத்தையே ஆழமாக வெட்டிப் பாலைக் கொட்டவைக்கிறது. வேகமும் வேறு. புகையாக இழுத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போகும், விழுங்கிய மெத்தில்ஃபெனிடேட் அங்கே உச்சம் தொட ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் அது கட்டுப்பாட்டு மருந்துதான். எங்கள் வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது நேரம். அட்டமோக்செட்டின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். எட்டு வாரம் கொடுத்தோம். வயிற்று வலி, வகுப்பில் தூக்கம். நடுவில் ஆசிரியையும் மாறினார், அவன் கொஞ்சம் அடங்கியது மருந்தாலா புது ஆசிரியையாலா என்று பிரிக்க முடியவில்லை.

மெத்தில்ஃபெனிடேட்டில் அந்தக் குழப்பம் இல்லை. ஏழு மணிக்குப் பசியாறிவிட்டுப் போட்டால், பள்ளி மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் வேலை செய்யும். சுமார் நான்கு மணி நேரம். எந்தப் பாடத்தில் உட்கார்ந்தான், எதில் எழுந்து ஓடினான் என்று ஆசிரியை குறிப்பேட்டில் எழுதுவார். அதைப் பார்த்து ஒரே மாதத்தில் மருத்துவர் அளவைச் சரிசெய்தார். ஒத்துவராவிட்டாலும் அன்றைக்கே இறங்கிவிடும் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

குறை இல்லாமல் இல்லை. ஓய்வு நேரத்துக்குக் கட்டிக் கொடுத்த நாசி லெமாக் அப்படியே திரும்பி வரும், இரவில் வயிறாரச் சாப்பிடுவான். மருந்து இறங்கும் நேரத்தில் சிடுசிடுப்பு. எடை, உயரம், நாடித்துடிப்பை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்கள். மாலை வீட்டுப்பாடத்துக்கு அட்டமோக்செட்டின்தான் மேல், நாள் முழுக்க நிற்கும். எட்டே வாரம் கொடுத்த நான் அதைத் தள்ளிப் பேசக்கூடாது. பதற்றமோ தசைத்துடிப்போ உள்ள பிள்ளைக்கு மருத்துவர் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

8 முதல் 12 மணி நேரம் நிற்கும் மெத்தில்ஃபெனிடேட்டும் உண்டு. அதை நாங்கள் கொடுத்துப் பார்த்ததில்லை. அடுத்த தடவை ஈப்போ போகும்போது அதைப் பற்றிக் கேட்கப்போகிறேன், மாமியாரும் கூட வருகிறார்.