8 வாரத்துக்கு ஒரு முறை: பாலக்காட்டில் ஓர் இன்ஃபியூஷன் அறை

கொழிஞ்சாம்பாறையில் காலை 7 மணிக்குப் பேருந்து ஏறினால், பனைமரங்கள் முடிந்து பாலக்காட்டுக் கட்டடங்கள் தொடங்கும்போது ஏறக்குறைய 8 மணி ஆகியிருக்கும். மூன்று ஆண்டுகளாக, 8 வாரத்துக்கு ஒரு முறை இப்படிப் போய், அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஃபியூஷன் அறையில் (மருந்தை டிரிப்பாக ஏற்றும் அறை) இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறேன். எனக்குக் க்ரோன் நோய், அதாவது குடலில் ஓயாத அழற்சி. இதே மருந்துக்குக் கோயம்புத்தூர் போவதா, பாலக்காடு போவதா என்று யோசிக்கும் எல்லைப் பக்கத்துக்காரர்களுக்காக, அந்த அறையில் கண்ட நிறைகுறைகளை எழுதுகிறேன்.

முதல் தடவை உடன் வந்த அம்மா, "வயித்து நோவுக்குக் கையில எதுக்குங்க ரெண்டு மணி நேரம் ஊசி?" என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டார். அவர் சலிக்காமல், மலையாளம் கலந்த தமிழில் விளக்கினார். குடலின் உட்சுவரில் காவல் நிற்கும் நோயெதிர்ப்பு அணுக்கள், கிருமி நுழைந்தால் சைட்டோகைன் என்னும் சிறு புரதங்களை வெளியிட்டு மற்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன. வேலை முடிந்ததும் கூப்பாடு அடங்கிவிடும். க்ரோன் நோயில் அது அடங்குவதில்லை. டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற சைட்டோகைனை மேக்ரோஃபேஜ், டி அணு ஆகிய நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் சுரக்க, அது ரத்தக் குழாய்களின் சுவரை இளக்கி மேலும் மேலும் வெள்ளையணுக்களை உள்ளே விட, வந்தவையும் அதையே சுரக்க, கடைசியில் குடற்சுவர் தடித்துப் புண்ணாகிறது. இன்ஃப்ளிக்ஸிமாப், அந்த டி.என்.எஃப் போய் அணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டாதபடி பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது ஒன்றைக் குறிவைத்து ஒட்டும் புரதம். புரதம் என்பதால், வாய்வழியே கொடுத்தால் பருப்பைப் போலச் செரித்துப்போகும். ஆகவேதான் நரம்பில் ஏற்றுகிறார்கள். பருப்பு என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் மான்டூ ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை ஆகியவற்றை முடிக்காமல் முதல் தேதி தர மறுத்துவிட்டார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அதற்காகவே அவர்களைப் பாராட்டுவேன். காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் அரண் கலையாமல் காப்பதும் இதே டி.என்.எஃப்தான் என்பதால், அதை முடக்கினால் ஆண்டுக்கணக்கில் உறங்கிய கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு ஐ.எல்-17 என்ற இன்னொரு சைட்டோகைனைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர் ஒருவர், விலை குறைவு என்று அதை எனக்குப் பரிந்துரைத்திருந்தார். கேட்டபோது மருத்துவர் சிரித்துவிட்டார்: க்ரோன் நோயாளிகளிடம் அவ்வகை மருந்தைச் சோதித்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், நோய் தணிவதற்குப் பதில் சிலருக்குக் கூடிவிட்டதாம். குடற்சுவரைப் பழுதுபார்க்க ஐ.எல்-17 வேண்டியிருக்கிறது.

அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். போனவுடன் எடை பார்க்கிறார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் 58 கிலோவான எனக்கு 290 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குப்பிகள் மூன்று. 60 கிலோவைத் தாண்டினால் நான்காவது குப்பியை உடைக்க வேண்டும் என்பதால், ஓண விருந்துக்குப் பிறகு தராசில் ஏறக் கொஞ்சம் பயம்தான். மருந்து கலப்பதைக் கண்ணாடிக்கு அப்பால் நாமே பார்க்கலாம். சிஸ்டர் 10 மில்லி நீரை நேராகத் தூளின் மேல் பீய்ச்சாமல் குப்பியின் சுவரோடு வழியவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டுகிறார். "குலுக்கினா நுரைக்கும் சேட்டா, மருந்து கேடாகும்" என்றார் ஒருமுறை. ஐந்து நிமிடம் வைத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் துகள் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்த பிறகே 250 மில்லி சலைனில் சேர்க்கிறார். ட்யூபில் 1.2 மைக்ரான் வடிகட்டி கட்டாயம் இருக்கும். முன்பு வேறோர் இடத்தில் அது இல்லாமலே எனக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு மணி நேர டிரிப், அரை மணிக்கொரு முறை ரத்த அழுத்தம், முடிந்த பின் ஒரு மணி நேரம் கண்காணிப்பு. அலர்ஜி வந்தால் போட வேண்டிய ஊசிகள் கைக்கெட்டும் தட்டில் தயாராக இருக்கின்றன.

இவ்வளவு கருத்தாக இயங்கும் அறைக்கு வாய்த்த முன் அலுவலகம் மகா மோசம். சென்ற ஏப்ரலில், விஷு விடுமுறையைக் காரணம் காட்டி என் தேதியை மூன்று வாரம் தள்ளிவிட்டு, "ஊசிதானே, அடுத்த மாதம் போட்டுக்கலாம்" என்றார் தொலைபேசியில் பேசியவர். 1998-இல் அமெரிக்காவில் க்ரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்ற இந்த மருந்தில் ஏறத்தாழ கால் பங்கு எலியின் புரதம். ரத்தத்தில் மருந்தின் அளவு வற்றிப்போய் மீண்டும் ஏறும்போது, உடல் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு, மருந்துக்கே எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவை பெருகினால் மருந்து பலிக்காமலே போகலாம். பத்தாவது வாரம் வலது அடிவயிற்றில் பழைய வலி திரும்பியது. மருத்துவரிடம் சொன்னதும் அவர் அலுவலகத்தைக் கடிந்துகொண்டார். அலுவலகத்திலிருந்து ஒரு வருத்தம்கூட வரவில்லை.

அந்த இடைவெளியின் விலையைக் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை காட்டியது. குடலில் குவியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களிலிருந்து மலத்தில் கலக்கும் இந்தப் புரதம், கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் நல்லது. 250-ஐத் தாண்டினால் அழற்சி மூண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதுவரை 90-இல் நின்றிருந்த எனக்கு 410. மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதால் முடிவு வர நான்கு நாள் ஆகிறது. குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு வயிற்றைக் காலி செய்யும் அவதியை நினைத்தால், சிறிய டப்பாவைப் பையில் மறைத்துக்கொண்டு கூட்டப் பேருந்தில் நிற்பது எவ்வளவோ மேல்.

நாற்காலி, சிஸ்டர், வடிகட்டி எல்லாம் சேர்ந்து எனக்கு 2,200 ரூபாய் வாங்குகிறார்கள்; மருந்து தனி. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் எச்சரிக்கைத் தாள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. காய்ச்சல், விடாத இருமல், எடை குறைதல் ஆகியவை வந்தால் உடனே வரச் சொல்லும் அந்தத் தாள், அம்மாவைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது.

அறைக்காகப் போகலாம், நான் தொடர்ந்து போகிறேன். தேதியை மட்டும் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளாமல், அன்றைய டிரிப் முடிந்த கையோடு அடுத்த தேதியைச் சிஸ்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். ஓண வாரத்தில் தேதி விழுபவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள். நான் கேட்டேன், கிடைத்தது.