முகுர்ட்டு: யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்யும் ஆவணக்காப்பக மென்பொருள்

பழங்குடி மக்களின் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் தொகுத்து வைக்கப் பயன்படும் மென்பொருள்களுள் முகுர்ட்டு தனித்து நிற்பதற்கு அது பிறந்த விதமே காரணம். ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்திலுள்ள டெனன்ட் கிரீக்கில் வாழும் வாருமுங்கு மக்கள், அமெரிக்க ஆய்வாளர் கிம்பர்லி கிறிஸ்டனுடன் சேர்ந்து 2007இல் அமைத்த உள்ளூர் ஆவணக்காப்பகத்திலிருந்து இது வளர்ந்தது. இறந்தவரின் படத்தை எவ்வாறு கையாள்வது, எந்தச் சடங்கின் பதிவு ஆண்களுக்கு மட்டும் உரியது, எது பெண்களுக்கு உரியது என அம்மக்கள் கடைப்பிடித்துவந்த முறைகளே மென்பொருளின் விதிகளாயின. இப்போது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் இதைக் கட்டணமற்ற திறமூல மென்பொருளாகப் பராமரித்து வருகிறது.

ஒரு படத்தை ஏற்றுவதற்கு முன்பே சமூகம், அதன் அணுகல் நெறிமுறை (யார் பார்க்கலாம் என்னும் விதி), வகைப்பாடு ஆகிய மூன்றையும் அமைத்துவிட வேண்டும். முதலில் ஏற்றிவிட்டு அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை என்பதால், இந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை. ஒரே பதிவுக்குப் பல நெறிமுறைகளை இணைத்து, அவை அனைத்திலும் உறுப்பினராக இருப்பவர் மட்டுமே பார்க்கலாமா, ஏதேனும் ஒன்றில் இருந்தாலே போதுமா என்றும் வரையறுக்கலாம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதே நல்ல காப்பகத்தின் இலக்கணம் என்று பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இது சற்று உறுத்தத்தான் செய்யும்.

இதன் மிகச் சிறந்த வசதி, ஒரே பொருளுக்குப் பல விவரப் பதிவுகளை அருகருகே வைக்க முடிவதாகும். அதே பல்கலைக்கழகம் ஸ்போகேன், கொல்வில், யகாமா, உமட்டில்லா முதலிய அமெரிக்கப் பழங்குடியினருடன் சேர்ந்து நடத்தும் பீடபூமி மக்கள் இணையவாசலில் இதைக் காணலாம். நூலகம் எழுதிய பட்டியல் குறிப்பு அழிக்கப்படாமல் இருக்க, அப்படத்துக்கு உரிய சமூகத்தாரின் விளக்கமும் அதற்கு இணையான தகுதியோடு இடம்பெறுகிறது. பழைய குறிப்பு தவறாக இருந்தால், அந்தத் தவறும் வாசகர் கண்ணுக்குத் தெரியும். அதைத் திருத்தியது யார் என்பதும் தெரியும்.

குறைகளும் உண்டு. பதிவுகளில் ஒட்டக்கூடிய மரபறிவு முத்திரைகள், பயன்படுத்துவோருக்கு அச்சமூகத்தின் எதிர்பார்ப்பை அறிவிக்கின்றனவே தவிர, சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்துவதில்லை; பொதுப்பார்வைக்கு வைக்கப்பட்ட ஒரு படத்தை ஒருவர் தரவிறக்கிக்கொண்டால், அதன்பின் மென்பொருளால் செய்யக்கூடியது எதுவுமில்லை. மேலும், இது ட்ரூபல் என்னும், இணையதளங்களை உருவாக்க உதவும் அடித்தள மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. அதன் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்துவிட்டதால், பழைய தளங்களை முகுர்ட்டுவின் நான்காம் பதிப்புக்கு மாற்றியாக வேண்டும். கட்டணம் இல்லையென்றாலும், தளத்தை இயக்கும் வழங்கிக்கும் (சர்வர்) அதைப் பராமரிக்கும் ஆளுக்கும் செலவு உண்டு.

தொழில்நுட்பம் அறிந்த ஒருவரையாவது தொடர்ந்து வைத்திருக்கக்கூடிய சமூக அமைப்புகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த வசதி இல்லாதவர்கள் பல்கலைக்கழக நூலகம் ஒன்றோடு இணைந்து தொடங்கலாம். ஆனால் வழங்கி யார் பொறுப்பில் இருக்கும், காப்புப்படிகள் யாரிடம் இருக்கும், ஆய்வுத்திட்டத்தின் நிதி முடிந்தபின் பதிவுகள் யார் கைக்குப் போகும் என்பவற்றை முதல் படத்தை ஏற்றுவதற்கு முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.