சென்னைக் கடலில் காற்றோடு போக எந்தப் பேடில் போர்டு: பன்னிரண்டரை அடியா, 14ஆ, 17ஆ?

மார்ச் பிறந்துவிட்டால் மதியம் 2 மணிக்கு மேல் கோவளத்தில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறத் தொடங்கும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, போர்டின் மேல் நின்றபடியே ஈஞ்சம்பாக்கம் வரை துடுப்பு போடலாம். ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு அலையையும் பிடித்துச் சறுக்கி, அது விட்டதும் அடுத்ததைப் பிடித்துப் போவதுதான் டவுன்விண்ட். ஒருமுறை ருசி கண்டவர்களுக்கு முட்டுக்காடு காயலின் அமைதியான தண்ணீர் போதாது.

பத்தரை அடிப் போர்டில் பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்பது, எவ்வளவு நீளம் வாங்கலாம் என்பதுதான். என் பதில் 14 அடி. ஆனால் எந்த 14 அடி என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில், நீளம் ஏன் வேகம் தருகிறது? தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த மிதவைக்கும், அதன் நீளத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஒரு வேக எல்லை உண்டு. பன்னிரண்டரை அடியிலிருந்து 14க்குப் போனால் அந்த எல்லை சுமார் 6 சதவீதம் கூடும். 14இலிருந்து 17 அடி 4 அங்குலத்துக்குப் போனால் சுமார் 11 சதவீதம். அலையே இல்லாத தண்ணீரில் இந்தக் கணக்கு அப்படியே செல்லும். கடலில் அலையின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

8 நொடிக்கு ஒன்றாக வரும் அலைகளுக்கு இடையே ஆழ்கடலில் 100 மீட்டர் இருக்கும். அவை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அப்படிப்பட்ட அலையைப் பிடிக்கப் போர்டுக்கு நல்ல வேகம் வேண்டும், நீளம் உதவும். ஹவாயில் மொலோகாயிலிருந்து ஓவாஹு வரை 52 கிலோமீட்டர் கால்வாயைக் கடக்கும் பந்தயத்துக்கு 17, 18 அடிப் போர்டுகளைக் கொண்டுவருவது இதனால்தான். ஆனால் நம் மதியக் காற்று, மூன்று நான்கு மணி நேரத்தில் எழுப்பும் அலை 4 நொடிக்கு ஒன்றுதான் வரும். இடைவெளி 25 மீட்டர், வேகம் 22 கிலோமீட்டர். அதற்கு நடுவே இன்னும் குட்டையான சிற்றலைகள் வேறு. இங்கே வேண்டியது உச்சவேகம் அல்ல, துடுப்பை நான்கைந்து முறை வலித்ததும் சட்டென்று எழும்பும் துடிப்பு.

17 அடிப் போர்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி மூன்று முறை போயிருக்கிறேன். ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் சுகமே தனி. அலை விட்ட பிறகும் வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும். அவ்வளவு நீளத்தைக் கால் மாற்றித் திருப்ப முடியாது என்பதால், காலால் இயக்கும் சுக்கான் ஒன்று வைத்திருப்பார்கள். நம் கரையோரத்தில் மீனவர்கள் விட்டிருக்கும் வலைகளில் அந்தச் சுக்கான் மாட்டினால், தண்ணீரில் இறங்கித்தான் எடுக்க வேண்டும். எனக்கு இரண்டு முறை மாட்டியது. வலைக்குச் சேதம் வராமல் கழற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது. அது ஒருவருடைய பிழைப்பு. மூன்றாம் முறை கரையேறும்போது, செங்குத்தாக விழும் கரையலையில் மூக்கு மணலில் குத்தி, முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது.

அதைக் கொண்டுவருவதும் சுலபமில்லை. குட்டி யானையில் ஏற்றினாலும் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்டிலும் நுழையாது, படிக்கட்டு வளைவிலும் திரும்பாது. கடற்கரையிலேயே வைத்துவிட்டு வர இடம் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

சரி, 14 அடிக்கு வருவோம். இங்கே விற்பனைக்கு வரும் பழைய 14 அடிப் போர்டுகளில் நான் பார்த்த பெரும்பாலானவை ஏரி, காயல் பந்தயத்துக்குச் செய்தவை. அகலம் 22, 23 அங்குலம்; மூக்கு கத்தி மாதிரி நேராக இருக்கும். விலை குறைவு என்று கடலுக்காக இதை வாங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அலை பின்பக்கத்தைத் தூக்கியதும் கூர்மூக்கு முன்னால் உள்ள தண்ணீரில் புதைந்துவிடும், நாம் முன்னால் போய் விழுவோம். டவுன்விண்ட் போர்டின் அணியம், அதாவது முன்பக்கம், மேல்நோக்கி வளைந்திருக்கும், கொஞ்சம் பருத்தும் இருக்கும். நம் கட்டுமரத்தின் முன்பக்கம் வளைந்து எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கரையலையைச் சமாளிக்கச் செய்ததுதானே அது.

என் எடை 74 கிலோ. 26 அங்குல அகலமுள்ள 14 அடி டவுன்விண்ட் போர்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக மாற்றத் தோன்றவில்லை. அலை எழும்போது பின்காலை ஒரு அடி தள்ளி வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், இடுப்பைத் திருப்பினால் அடுத்த பள்ளத்துக்குத் திரும்பும். சுக்கான் தேவையில்லை. போர்டின் அடியில் மாட்டும் சிறகான ஃபின் மட்டும் பின்னோக்கிச் சாய்ந்த வகையாகப் போடுங்கள், வலைக்கயிறு பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். பெரும்பாலான சர்வதேசப் பந்தயங்களிலும் 14 அடிதான் வரம்பு என்பதால் பின்னால் விற்பதும் எளிது.

பன்னிரண்டரை அடியை இளப்பமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 60 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். லேசானது, சீக்கிரம் எழும்பும், கரையலையில் கையாளச் சுலபம். எடை கூடியவர்களுக்கு அது தண்ணீரில் அமிழ்ந்து ஓடும், 10 கிலோமீட்டருக்கு மேல் தோள் தாங்காது.

காற்றடைக்கும் 14 அடிப் போர்டு பைக்குள் மடங்கும், மாடி ஏறும். ஆனால் அலையின் மேல் நடுவில் லேசாக வளையும்போது நாம் போட்ட பலம் அதிலேயே போய்விடுகிறது. கற்றுக்கொள்ள ஆகும், அவ்வளவுதான். அடியில் இறக்கை பொருத்தி, போர்டையே தண்ணீருக்கு மேலே தூக்கும் ஃபாயில் வேறு ஆட்டம், இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

எந்தப் போர்டானாலும் ஒன்று: ஜூன், ஜூலை காலைகளில் கச்சான் அடிக்கும்போது இறங்காதீர்கள். அது மேற்கிலிருந்து வந்து கரையை விட்டு வெளியே தள்ளும் காற்று. நீளமான போர்டு அதில் இன்னும் வேகமாக வெளியே போகும். லைஃப் ஜாக்கெட், காலைப் போர்டோடு கட்டும் லீஷ் கயிறு, தண்ணீர் புகாத பையில் போன், அதில் கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண் 1554, இவை இல்லாமல் தனியாகப் போக வேண்டாம்.

வாங்கும் முன் போர்டை மொட்டைமாடித் தரையில் வைத்து, ஃபின்னைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். போர்டின் வயிறு ஏறக்குறைய மூக்கு வரை தரையைத் தொட்டுக்கொண்டு வந்தால் அது காயலுக்கான போர்டு. நடுவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தரையை விட்டு எழும்பத் தொடங்கினால் தாராளமாக விலை பேசலாம்.