பத்துப் பை மாடித்தோட்டக் கிட்: ஒரு கோடை ஓட்டிப் பார்த்த பிறகு

பெட்டி வந்த மறுநாளே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நம்பித்தான் நானும் இந்தக் கிட்டை வாங்கினேன். பேக்கிங் அழகு, விதைப் பாக்கெட் அழகு என்று எழுதியிருந்தார்கள். காய்த்ததா என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் கோடை முடிந்து, கடைசிக் கத்தரிக்காயையும் பறித்துத் தராசில் வைத்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன்.

முதலில் எடைக் கணக்கு. வெண்டை, மூன்று பைகளில் ஆறு செடி: 3 கிலோ 200 கிராம். கத்தரி, இரண்டு பைகளில் இரண்டு செடி: 2 கிலோ 600 கிராம். தக்காளி, மூன்று பைகளில் மூன்று செடி: 1 கிலோ 150 கிராம், அதிலும் கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மிளகாய் ஒரு பை, 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளரி ஒரு பை, நான்கு காய். எடை போடும் முன்பே தின்றுவிட்டோம். கொத்தமல்லி பூஜ்ஜியம்.

பெட்டியில் இருந்தவை: ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் பத்து வளர்ப்புப் பைகள், 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று, 5 கிலோ மண்புழு உரம், ஆறு விதைப் பாக்கெட், ஒரு சின்னப் புட்டி வேப்பெண்ணெய், சொட்டுநீர்க் குழாய் செட். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டின்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

‘பத்துப் பைகளுக்குப் போதுமான வளர்ப்பு ஊடகம்’ என்று அதில் போட்டிருக்கிறது. அந்த அளவுப் பை ஒன்றில் ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். பத்துப் பைக்கு 200 லிட்டர். 5 கிலோ கட்டி எவ்வளவுதான் ஊறி உப்பினாலும் 60, 70 லிட்டரைத் தாண்டாது. மண்புழு உரத்தையும் சேர்த்துக் கொட்டினேன். நாலாவது பை பாதியில் நின்றுவிட்டது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய பெட்டியில வந்துச்சே, மண்ணு எங்கம்மா?” என்றார். பதில் இல்லை. தோட்டத்து மண்ணும் மட்கிய உரமும் தேடிப் பிடித்து மற்ற பைகளை நிரப்ப ஒரு வாரம் ஆனது. ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்குமே தவிர, செடிக்குச் சாப்பாடு அதில் அநேகமாக இல்லை. மண் கலந்த பைகள்தான் கடைசிவரை தெம்பாக நின்றன.

அடுத்த குறை இன்னும் மோசம். ‘ஊறவைத்து உடனே பயன்படுத்தவும்’ என்கிறது சீட்டு. அப்படியே செய்தேன். முதல் ஈட்டுக் கத்தரி நாற்றுகளின் இலை ஓரம் பத்தே நாளில் பழுப்பாகக் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினேன். விஷயம் உப்பு. நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், நன்றாக அலசி வடிக்காமல் நாற்று வைக்கக் கூடாது. கத்தரிப் பைகளில் இருந்ததைத் திரும்ப வாளியில் கொட்டி மூன்று தண்ணீர் மாற்றினேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறம், மூன்றாவது தண்ணீர் வைக்கோல் நிறம். அதில் வைத்த இரண்டாம் ஈட்டு நாற்றுகள்தான் 2 கிலோ 600 கொடுத்தவை. ‘அலசவும்’ என்று ஒரு வார்த்தை அச்சடிக்க எவ்வளவு மை ஆகியிருக்கும்?

பைகளைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை, வெயிலில் நொறுங்கவும் இல்லை. ஆனால் பத்தில் இரண்டு மட்டும் முழுக் கறுப்பாக வந்தன. தவறிப் போட்டார்களோ என்னவோ. பிற்பகல் மூன்று மணிக்கு வெள்ளைப் பை மண்ணில் விரல் விட்டால் வெதுவெதுப்பு. கறுப்புப் பையின் ஓர மண்ணில் விரலை வைத்திருக்க முடியாது. மிளகாயும் ஒரு தக்காளியும் அந்தக் கறுப்புப் பைகளில்தான் இருந்தன, பாவம். அடியில் உள்ள துளைகள் தரையோடு ஒட்டி அடைபடுகின்றன, அதனால் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

இனி தக்காளி. இதில் பாதிப் பழி வெயிலுக்கு, மீதி குழாய் செட்டுக்கு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாமல் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும்; பூ காம்போடு உதிரும். தினமும் காலையில் மஞ்சள் பூக்களைத் தரையிலிருந்து பெருக்கினேன். அதற்குக் கிட் என்ன செய்யும்? ஆனால் தப்பிப் பிடித்த காய்கள் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்ததற்குக் குழாயைத்தான் சொல்வேன். வாளியை உயரத்தில் வைத்து ஓட்டும் செட் இது. வாளிக்குப் பக்கத்துப் பை நனைந்து வழியும், கடைசி மூன்று பைகளுக்கு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அந்தக் கடைசி மூன்றும் தக்காளி. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் ஒரே சீராகப் போனால்தான் அது காய்க்குப் போய்ச் சேரும். ஒரு மாதம் கழித்துக் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன். அத்தையின் குவளைதான் அதற்குப் பிறகு சொட்டுநீர். அவர் ஒரு பையைக்கூடத் தவறவிடவில்லை, காய் கறுப்பதும் நின்றது.

நடுக்கோடையில் 50 சதவீத நிழல்வலை ஒன்றை நானே தனியாக வாங்கிக் கட்டினேன். கோடைக்கென்று விற்கும் கிட்டில் அது இல்லாதது வேடிக்கை. அதைவிட வேடிக்கை கொத்தமல்லி விதை வைத்திருப்பது. அந்தச் சூட்டில் அது இரண்டு கொத்து இலை விட்டதும் பூவுக்குப் போய்விட்டது.

வேப்பெண்ணெயில் தப்பு என்னுடையது. லிட்டருக்கு 5 மில்லி சரியான அளவுதான், ஆனால் சோப்புக் கரைசல் சேர்க்காமல் கலந்தேன். எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானிலிருந்து முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாக வந்தது. அதுவும் காலை பத்து மணி வெயிலில். நான்கு மிளகாய்க் கிளைகள் வெந்தன. பிறகு சாயங்காலம், சோப்போடு தெளித்தபோது மாவுப்பூச்சி அடங்கியது.

விதைகளுக்கு முழு மதிப்பெண் தரலாம், வெண்டைக்காகவே. இரவு ஊறவைத்து 12 ஊன்றினேன், ஐந்தாம் நாள் 11 முளைத்தன. நல்ல ஆறையும் தொட்டியில் ஒன்றையும் விட்டு மற்றதைக் களைந்தேன். ஐம்பது நாளில் காய். ஒரு செடிக்கு மட்டும் இலை நரம்பெல்லாம் மஞ்சளாக ஓடியது. வெள்ளை ஈ பரப்பும் நோய். தயங்காமல் பிடுங்கிவிட்டு, களையாமல் தொட்டியில் விட்டுவைத்திருந்த ஒன்றை அங்கே நட்டேன். வெளியூர் போய் நான்கு நாள் கழித்து வந்தபோது காய்கள் சாண் நீளம். நுனியை ஒடித்தால் வளைந்தது, ஒடியவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும். வெள்ளரி மூன்று வாரம் வெறும் ஆண் பூவாகப் பூத்துக் கடுப்பேற்றியது. பிஞ்சோடு வந்த முதல் பூவுக்கு நானே ஆண் பூவைப் பறித்துத் தேய்த்துவிட்டேன்.

மறுபடி வாங்குவேனா? கிட்டாக வாங்க மாட்டேன். இதே பையும் இதே விதையும் தனியாகக் கிடைத்தால் வாங்குவேன். பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகமா (ஹைப்ரிட்) நாட்டு ரகமா என்று குறிப்பே இல்லை, ஒட்டு ரகமென்றால் எடுத்து வைக்கும் விதை தாயைப் போல வராது. இருந்தாலும் மூன்று வெண்டைக்காய்களைச் செடியிலேயே முற்றவிட்டிருக்கிறேன். நான் மறந்து பறித்துவிடுவேன் என்று அத்தை அவற்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறார்.