தங்கத்துக்கு ஒரு கணக்கு, வெள்ளிக்கு வேறு கணக்கு

தங்கம், வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ஒரே கேள்வி கிளம்புகிறது: இப்போது வாங்கலாமா? விலை இறங்கிக் கிடக்கும்போது கேட்பவர்களைக் காணோம். எப்போது விற்பது என்று கேட்டவர்களையோ ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இதில் இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதால், தங்கத்துக்குப் போடும் கணக்கே வெள்ளிக்கும் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கத்தை எந்த நாளில் வாங்கினோம் என்பது காலம் போகப் போக மங்கிவிடும். நம் மொத்தச் சொத்தில் அது எவ்வளவு என்பதே கடைசிவரை நிற்கும். வெள்ளியிலோ விற்கும் நாள்தான் லாபத்தையும் நஷ்டத்தையும் முடிவு செய்கிறது. ஆகவே வெள்ளி வாங்குபவர் விற்கும் வழியைத் தீர்மானித்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும்.

1980 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டது; வெள்ளி 50 டாலரை ஒட்டி நின்றது. (ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். மற்றப் பொருட்களை நிறுக்கும் 28.35 கிராம் அவுன்ஸுடன் இதைக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.) அந்த உச்சத்தில் தங்கம் வாங்கியவர் போட்ட டாலரைத் திரும்பப் பார்க்க 2008 ஜனவரி வரை, 28 ஆண்டுகள் காத்திருந்தார். வெள்ளி வாங்கியவருக்கு 2025 அக்டோபர் வரை, 45 ஆண்டுகள் ஆயின. நடுவில் 2011 ஏப்ரலில் 48 டாலருக்கு மேல் போய், வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. இதுவும் வெறும் டாலர் எண்ணிக்கைதான். இந்த இடைவெளியில் அமெரிக்க விலைவாசி நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அன்றைய 50 டாலரின் வாங்கும் சக்தி இன்று வேண்டுமென்றால் 200 டாலராவது வேண்டும்.

28 ஆண்டுகள் காத்திருக்க வைத்த பொருளில் வாங்கிய நாள் மங்கிவிடும் என்கிறாயே என்று யாரும் மடக்கலாம். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொட்டியவருக்கு அது ஆயுள் தண்டனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1980-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்த்தவருக்குச் சராசரி விலை 400 டாலருக்குக் கீழேதான் வந்திருக்கும். அவர் 2004 வாக்கிலேயே கரையேறிவிட்டார். வெள்ளியை அதே போலச் சேர்த்தவரும் 2006-க்குள் கரையேறியிருப்பார். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

கதை பிரிவது அதற்குப் பிறகு. 2011-இல் இரண்டும் உச்சம் தொட்டன: வெள்ளி ஏப்ரலில், தங்கம் செப்டம்பரில் 1,900 டாலர் அருகே. இருவரும் எதையும் விற்காமல் தூங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் தங்கம் 1,050 டாலரை ஒட்டி வந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் போயிற்று. வெள்ளி 14 டாலருக்கும் கீழே இறங்கியது. அங்கே போனது எழுபது சதவீதத்துக்கு மேல். தங்கம் 2020-இல் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. வெள்ளி தாண்டியது 2025-இல். தூக்கத்தைத் தங்கம் மன்னித்த அளவுக்கு வெள்ளி மன்னிக்கவில்லை.

ஏன் இப்படி?

வெள்ளி பாதி தொழிற்சாலைப் பொருள். இன்று உலகில் வாங்கப்படும் வெள்ளியில் பாதிக்கு மேல் மின்னணுப் பாகங்கள், சூரிய மின்பலகைகள் போன்ற தொழில் தேவைகளுக்குப் போகிறது. தங்கத்தில் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. எனவே பொருளாதாரம் தளர்ந்தால் வெள்ளிக்கு இரட்டை அடி. 2008 மார்ச்சில் 1,000 டாலரைத் தாண்டிய தங்கம், நிதி நெருக்கடி முற்றிய அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் 700 வரை இறங்கியது. 20 டாலருக்கு மேல் இருந்த வெள்ளி 9 டாலருக்குப் போயிற்று.

வரத்துப் பக்கமும் விசித்திரமானது. வெட்டியெடுக்கப்படும் வெள்ளியில் எழுபது சதவீதம் அளவுக்கு ஈயம், துத்தநாகம், செம்பு, தங்கம் ஆகியவற்றின் சுரங்கங்களிலிருந்து உடன்விளைவாக வருகிறது. வெள்ளி விலை ஏறினால் உடனே அதிகம் தோண்டவும் முடியாது, சரிந்தால் நிறுத்தவும் மாட்டார்கள். செம்புக்காகத் தோண்டுகிறவன் செம்பின் விலையைத்தான் பார்ப்பான். அதனால் ஏற்றமும் இறக்கமும் எல்லை மீறுகின்றன.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தங்கத்துக்குக் கீழே ஒரு வலை விரிந்திருக்கிறது. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. வெள்ளியை அந்த அளவில் வாங்கிக் குவிக்கும் மத்திய வங்கி எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்க அடிப்படைக்கு (பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறைக்கு) மாறியபோது அரசுகளின் கஜானாவிலிருந்து வெளியேறிய வெள்ளி, பழைய இடத்தை மறுபடி பிடிக்கவில்லை.

வைத்திருப்பதன் செலவு

இந்தப் பகுதியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தங்கத்தின் விலை வெள்ளியைப் போல 80 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தங்கக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அதே மதிப்புக்கு வெள்ளி 80 கிலோ. எடை மட்டும் பிரச்சினை இல்லை, வெள்ளியின் அடர்த்தியும் குறைவு (10.5, தங்கத்துக்கு 19.3). கணக்குப் போட்டால் அதே பணத்துக்கு வெள்ளி ஏறத்தாழ 147 மடங்கு இடத்தை அடைக்கிறது. பெட்டக வாடகை, காப்பீடு, கொண்டுபோகும் கூலி எல்லாம் இதற்கேற்பத் தலையில் ஏறும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டுக் கறுப்பது தனி. நாணயமாகவோ சிறு கட்டியாகவோ வாங்கினால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி சதவீதக் கணக்கில் வெள்ளிக்கே அதிகம். வரியும் சேர்ந்துகொள்ளலாம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலீட்டுத் தங்கத்துக்கு மதிப்புக் கூட்டு வரி விலக்கு உண்டு, வெள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை.

இடிஎஃப் (பங்குச் சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் நிதி) வழியாக வாங்கினால் இந்தச் சுமை குறையும். பதிலுக்கு ஆண்டுக் கட்டணம். வெள்ளியில் ஓரிரு ஆண்டு வியாபாரம்தான் நோக்கம் என்றால் அதுவே மேல் என்பேன்.

இரண்டுக்கும் பொதுவான செலவு, வட்டி கிடையாது என்பது. வங்கி வட்டி விலைவாசி ஏற்றத்தைவிடக் கீழே இருந்தால் தங்கத்தை வைத்திருப்பதில் இழப்பில்லை. மேலே போனால் ஒவ்வொரு ஆண்டும் கைவிட்டுப் போகும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வட்டி 20 சதவீதத்தை எட்டியபோது தங்கத்தின் கதை முடிந்தது அப்படித்தான். இந்த விதி நெடுநாள் நம்பகமாக இருந்தது. 2022-இல் தடுமாறியது: அமெரிக்க வட்டி பூஜ்யத்தின் அருகிலிருந்து ஒரே ஆண்டில் 4 சதவீதத்தைத் தாண்டியும் தங்கம் நொறுங்கவில்லை. ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டு இருப்பு முடக்கப்பட்ட ஆண்டு அது. வேறு நாட்டின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பணத்தைவிடத் தன் பெட்டகத்தில் இருக்கும் கட்டி பத்திரம் என்று பல நாடுகள் முடிவுகட்டின. வட்டியை மட்டும் பார்த்துத் தங்கத்தை விற்றவர்கள் அந்த ஆண்டுகளில் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நேரம் குறிக்கும் மூன்று வழிகள்

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதற்கு ஜோசியம் தவிர மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது நாட்காட்டி: மாதாமாதம் ஒரே தொகை. விலை 100, 50, 100 என்று ஆடும் மூன்று மாதங்களில் தலா 300 போட்டால் 3, 6, 3 என்று 12 அலகுகள் சேரும். செலவு 900, சராசரி 75. சந்தையின் சராசரியோ 83. ஆட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆதாயம், ஆகவே இந்த முறை வெள்ளிக்குத் தங்கத்தைவிடப் பொருத்தம். குறை ஒன்றே, ஆனால் பெரிய குறை: விற்பதைப் பற்றி இது வாய் திறப்பதில்லை.

இரண்டாவது விகிதம்: ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு எத்தனை அவுன்ஸ் வெள்ளி. அதிகமானால் தங்கத்தைக் கொடுத்து வெள்ளி வாங்கு, குறைந்தால் திருப்பிக் கொடு. பழைய எண்களைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். 1980 ஜனவரியில் 17. 1991-இல் 100 அருகே. 2011 ஏப்ரலில் 32. 2020 மார்ச்சில் 120-க்கு மேல். அந்த மார்ச்சில் 12 டாலருக்குக் கிடந்த வெள்ளி ஆகஸ்டில் 28 டாலரைத் தாண்டியது. தங்கம் 40 சதவீதமே ஏறியது. (ஆனால் திரையில் ஓடிய அந்த 12 டாலருக்கு நாணயம் கிடைக்கவில்லை. கையில் எடுத்துப் போக விரும்பியவர்கள் அதற்கு மேல் கணிசமாகக் கொடுக்க நேர்ந்தது.)

ஆனால் இந்த முறையைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 80 வந்தால் மாற்று என்ற விதியோடு 2018-இல் வெள்ளிக்கு மாறியவர், விகிதம் 93-ஐயும் 120-ஐயும் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது 80-க்குக் கீழே தெளிவாக இறங்கியது 2020 ஆகஸ்டில்தான். 2025 ஏப்ரலில் மறுபடி 100. இயற்கையான விகிதம் 15 அல்லது 16 என்று இன்னும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். 1792-இல் அமெரிக்க நாணயச் சட்டம் 15 என்று விதித்தது, உண்மைதான். அது அரசு கட்டிவைத்த விகிதம். கட்டு அவிழ்ந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த எண்ணுக்காகக் காத்திருப்பது வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பது. 100-க்கு மேல் போனால் வெள்ளி மலிவு, 50-க்குக் கீழே வந்தால் வெள்ளி விலை அதிகம் என்ற அளவுக்கு மட்டும் விகிதத்தை நம்பலாம்; நடுவில் அது ஊமை.

மூன்றாவது முறை, பங்கு. மொத்தச் சொத்தில் பத்து சதவீதம் தங்கம் என்று வைத்துக்கொள்கிறீர்கள். சொத்து 100, தங்கம் 10. மற்றவை அசையாமல் தங்கம் மட்டும் இரட்டித்தால் மொத்தம் 110, தங்கம் 20. பங்கு 18 சதவீதம். ஒன்பதை விற்றால் பழைய நிலை. சரிந்தால் இதே போல வாங்குவது. விலை எங்கே போகும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. உச்சத்தில் விற்க இது உதவாது, ஏற்றத்தின் நடுவிலேயே விற்க வைக்கும். அந்த எரிச்சலைத் தாங்குபவருக்குத் தங்கத்தைப் பொறுத்தவரை இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. அரசாங்கங்களுக்கே நேரம் பிடிபடவில்லை என்பதற்குப் பிரிட்டன் சாட்சி: 1999-க்கும் 2002-க்கும் இடையில், இருபது ஆண்டுகளின் அடிமட்ட விலையில், சுமார் 395 டன்னைச் சராசரியாக 275 டாலருக்கு விற்றது.

வெள்ளியை விற்பது

பங்கு முறை வெள்ளிக்கு ஏன் போதாது என்றால், அதன் உச்சங்கள் நாட்கணக்கில்தான் நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பவர் கண்ணில் அவை படுவதே இல்லை. முடிவும் ஏறத்தாழ ஒரே மாதிரி வருகிறது: கடன் வாங்கி முன்பேர வர்த்தகத்தில் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் வியாபாரத்தில்) குவிந்தவர்களுக்குச் சந்தை விதியை இறுக்கும், மார்ஜின் தொகை, அதாவது பேரத்துக்குக் கட்டிவைக்க வேண்டிய பிணைப்பணம், உயரும், கட்ட முடியாதவர்கள் விற்பார்கள், சரிவு சரிவைக் கொண்டுவரும். 1980-இல், வெள்ளியை வாங்கிக் குவித்த அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹண்ட் சகோதரர்களுக்கு நேர்ந்தது அதுதான். மார்ச் 27 வியாழனன்று ஒரே நாளில் வெள்ளி செங்குத்தாகச் சரிந்தது. 2011 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் அமெரிக்கச் சந்தை அடுத்தடுத்து மார்ஜினை உயர்த்தியது; மே முதல் வாரத்தில் மட்டும் விலையில் கால் பங்குக்கு மேல் கரைந்தது.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் நான் வாங்கியிருந்தேன். வாங்கிய விலை வரட்டும், விற்றுவிடலாம் என்று வைத்திருந்தேன். வந்தது, பதினான்கு ஆண்டுகள் கழித்து. 2025 அக்டோபரில் பாதியை விற்றேன். 2011-இல் அந்தத் தொகைக்கு ஒரு நல்ல மடிக்கணினி கிடைத்திருக்கும், அதைத்தான் தள்ளிவைத்துவிட்டு வெள்ளி வாங்கினேன். விற்ற பணத்தில் கிடைத்தது அதைவிட ஒரு படி கீழான ரகம்.

மீதிப் பாதியை ஒரு தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். தாளில் என் கையெழுத்தில் மூன்று வரிகள்: விகிதம் 50-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு. 40-க்கு வந்தால் இன்னொரு பங்கு. மார்ஜினை உயர்த்தும் செய்தி இரண்டாம் முறை வந்தால், விகிதம் எதுவானாலும், மிச்சம் எல்லாம்.